கட்டிலுக்குக் கீழே இருந்த பற்றரி

சோலர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் பனல் பூட்டச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குக் கைத்தொலைபேசியில் ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. உங்களில் பாதிப்பேர் என்னைவிட நேராகப் பூட்டுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தண்ணீர் இறைக்கிற மோட்டர் கட்டி, வீடுகளுக்கு வயர் இழுத்து, கடைசிப் பத்து வருடம் சோலரோடு மாரடித்து ஓய்ந்தவள் நான். இத்தனை வருட வேலையில் என்னை இன்றைக்கும் தூக்கத்தில் உலுக்குவது ஒரு காலைநேரத்தின் கால் மணித்தியாலம்தான். அதைச் சொல்கிறேன். கேட்டு முடிந்ததும் என்னைத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள், எனக்கு அது வேண்டியதுதான்.

யாழ்ப்பாணம் குருநகரில் மரியதாஸ் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர், அறுபது தாண்டியவர். அவருடைய மனைவி பிலோமினா அக்காவுக்குச் சலரோகத்தால், அதுதான் நீரிழிவால், வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு அந்தக் குடும்பம் ஒவ்வொரு ஆவணியிலும் மடு மாதா கோயில் திருநாளுக்குப் போய், காட்டுக்குள் கூடாரம் அடித்து, கொடியேற்றத்திலிருந்து திருநாள் முடியும் வரை அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு வரும். கால் போனபிறகு மூன்று வருடமாக அக்கா போகவில்லை. கூடாரத்துத் தரையில் படுத்தெழும்ப முடியாது. இன்சுலினைக் குளிரில் வைக்கவும் அங்கே வழியில்லை.

அண்ணை என்ன செய்தார் என்றால், ஓடி ஓய்ந்த மினிபஸ் ஒன்றை வாங்கி இருக்கைகளை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டார். வெளிநாட்டில் ஆட்கள் வான் வண்டிக்குள் வீடு கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதை மகள் தொலைபேசியில் காட்டியிருக்கிறாள். அதைப் பார்த்து, உள்ளே கட்டில், சின்னப் பிறிட்ஜ், காற்றாடி, பக்கக் கதவால் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவுப் பலகை, கூரையில் இரண்டு சோலர் பனல் என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்யத் தொடங்கினார்.

"எஞ்சினை அக்கக்காக் கழட்டிப் பூட்டுறவன் நான். உதென்ன பெரிய வேலை? நீர் வந்து பாத்துச் சொன்னாக் காணும், பிள்ளை" என்றார்.

நான் ஒரு மட்டையில் படம் கீறிக் கொடுத்தேன். எந்த வயர் எங்கே போக வேண்டும், எந்த இடத்தில் பியூஸ், வயர் எவ்வளவு தடிப்பு எல்லாம் அதில் இருந்தது. படத்தில் ஒரு பிழையும் இல்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்தது தெரியாமல் நடந்ததில்லை.

நானும் மரியதாஸ் அண்ணையும் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் வேலை பழகினவர்கள். யுத்தக் காலத்தில் வருடக்கணக்காக வயர்க் கம்பங்கள் சும்மா நின்றன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். கார் பற்றரியில் பல்ப் எரித்தோம். பியூஸ் எரிந்தால் வாங்கக் கடையில் இல்லை. வயரை உரித்துச் செப்பு இழை ஒன்றை முறுக்கிப் போடுவோம், இழை இல்லாவிட்டால் சிகரட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுவோம். சின்னப் பற்றரியில் உயிர் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்போம். ஈரக் கையால் பன்னிரண்டு வோல்ட்டைப் பிடித்து விளையாடி, ஒன்றும் ஆகாமல் வளர்ந்த ஆட்கள் நாங்கள். எனவே பன்னிரண்டு வோல்ட் என்றால் எங்களுக்கு வீட்டு நாய் மாதிரி. வீட்டுக் கரண்ட் இருநூற்று முப்பதைக் கண்டால்தான் பயம்.

உங்களுக்கு அந்த நோய் இருக்காது. ஆனால் நீங்கள் போகிற வீடுகளில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆம்பிளை ஒருவர் ஸ்குரூட்ரைவரோடு பக்கத்தில் வந்து நிற்பார் பாருங்கள், அவருக்கு இருக்கும். கவனமாக இருங்கள்.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில் வேலையைப் பார்க்கப் போனேன். சொல்லக்கூடாது, நல்ல சுத்தமான வேலை. இரும்புக் கோணச் சட்டத்தில் கட்டில், அதற்குக் கீழே பற்றரி. கட்டில் பலகையைத் தூக்கினால் பெட்டி மாதிரித் திறக்கும். இடம் மிச்சம் என்று எனக்கும் பிடித்திருந்தது. பற்றரியிலிருந்து இன்வேர்ட்டருக்குப் போகிற சிவப்பு வயர் என் சின்னவிரல் தடிப்பு. பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் பெரிய பியூஸ் ஒன்று இருக்க வேண்டும். அந்த இடத்தில் வயர் நேரே போயிருந்தது.

"பியூஸ் எங்கை அண்ணை?"

"உந்தச் சைஸ் இஞ்சை ஒரு கடையிலையும் இல்லை. கொழும்பிலையிருந்து வரோணும். நாலு நாள் செல்லுமாம்."

"அப்ப நாலு நாள் பொறுங்கோவன்."

"பொறுத்தா மரம் போயிடும், பிள்ளை."

மடுவில் கூடாரம் அடிக்கிற குடும்பங்களுக்கு வழக்கமான மரம் என்று ஒன்று உண்டு. எழுத்தில் கிடையாது. ஆனால் வருடா வருடம் அதே நிழலில்தான் இறங்குவார்கள். பக்கத்து மரத்துக்காரரும் பழகின ஆட்களாக இருப்பார்கள். கொடியேற்றத்துக்கு முந்திப் போனவருக்கு மரம், பிந்தினவருக்கு வெயில்.

"எங்கடை அப்பு காலத்திலையிருந்து எங்கடை மரம். மூண்டு வரியம் போகேல்லை. இந்த முறையும் விட்டா வேறை ஆக்கள் நிரந்தரமாப் பிடிச்சிடுவினம். பிலோ அந்த மரத்துக்குக் கீழை இருந்து செபம் சொல்லோணும் எண்டுதானே இவ்வளவும் செய்யிறன்."

நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்கிறேன்.

"சரி அண்ணை. மடுவுக்குப் போட்டு வந்து பூட்டுவம். பன்னிரண்டு வோல்ட்தானே, கடிக்காது."

கடிக்காது என்பது உண்மை. தொட்டால் ஆளுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் பற்றரிக்குள் ஒரு வெல்டிங் பட்டறையே இருந்தது. சிவப்பு வயர் எங்காவது இரும்பில் பட்டால், நிறுத்துவதற்கு நடுவில் ஒன்றும் இல்லை. பியூஸ் ஆளைக் காப்பாற்ற இருப்பது என்று எங்கள் தலைமுறைக்கு ஒரு நினைப்பு. அது வயரைக் காப்பாற்ற இருப்பது. வயர் எரியாவிட்டால் ஆளும் எரியமாட்டார். இது எனக்குத் தெரியும். பயிற்சி நிலையத்தில் உங்களைப்போன்ற பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதியும் காட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

போகிற அன்று காலை எட்டு மணிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பூசை முடிந்து சுவாமியார் வந்து வாகனத்தை ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு. மினிபஸ்ஸைக் கழுவித் துடைத்துப் பூமாலை போட்டிருந்தார்கள். ஆசீர்வாதத்துக்கு எண்ணெய்ச் சாமான்கள் உள்ளே இருக்கக் கூடாது என்று அண்ணை ஸ்பானர்கள் கிடக்கிற ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிலுக்குள் வைத்துவிட்டார். அவரும் மருமகன் ஜெறோமும் அக்காவைச் சரிவுப் பலகையால் ஏற்றி, இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அக்கா விரிப்பைக் கையால் தடவிப் பார்த்தார். கூரையில் ஒட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிரித்தார். நான் வெளியே பக்கக் கதவடியில் நின்றேன். காற்றாடி சுற்றியது, பிறிட்ஜில் பச்சை லைற் எரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, என்னவோ மணக்குது" என்றார் அக்கா.

"பலகைக்குப் பூசின வார்னிஷ், பிலோ."

"வார்னிஷ் மணம் எனக்குத் தெரியாதே? இது றப்பர் எரியிற மணம்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "புது வயர் முதல் சூடு காணேக்கை கொஞ்சம் மணக்கும் அக்கா. பயப்பிடாதேங்கோ."

ஒரு நோயாளி, வயர் வேலையே தெரியாதவர், மூக்கால் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்கிறார். கற்றவள் நான் அவருக்குச் சமாதானம் சொல்கிறேன்.

அடுத்த நிமிடம் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் பலகை இடுக்கால் புகை வந்தது. வெள்ளையாக வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. நாங்கள் லைற் போட்டுப் பார்த்தோம், காற்றாடி போட்டுப் பார்த்தோம், பிறிட்ஜை ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தோம். கட்டிலில் ஒரு ஆளைப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. சிவப்பு வயர் கோணச் சட்டத்தின் விளிம்புக்கு மேலால் போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு றப்பர்த் துண்டுகூட வைத்திருக்கவில்லை. அக்காவின் பாரத்தில் பலகை தாழ்ந்து வயரை விளிம்பில் நசித்துவிட்டது. அவர் அசைய அசைய விளிம்பு வயரின் தோலை வெட்டிக்கொண்டே போய், செப்பு இரும்பில் பட்டிருக்கிறது.

"ஓவ் பண்ணு" என்று நான் கத்தினேன். ஜெறோம் இன்வேர்ட்டர் சுவிட்சை நிறுத்தினான். காற்றாடி நின்றது, புகை நிற்கவில்லை. அவன் இறங்கி வீட்டுக்குள் ஓடினான். திரும்பி வந்து, "மெயினை விழுத்திப்போட்டன் மாமா" என்றான். சிரிக்காதீர்கள். வாகனத்துக்கும் வீட்டுக்கும் ஒரு நூல் தொடர்புகூட இல்லை, ஆனாலும் அவன் கை பழகினது மெயின் சுவிட்சுக்குத்தான். பயத்தில் கை பழகின இடத்துக்கே போகும்.

என்னுடைய கையும் அப்படித்தான் போனது. அக்காவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், நேரம் எடுக்கும். கறுப்பு வயரைக் கழற்றினால் எல்லாம் ஒரேயடியாக நிற்கும். என் மூளை அந்த நேரத்தில் போட்ட கணக்கு இதுதான். பற்றரியை எட்டக் கட்டில் பலகையைத் தூக்க வேண்டும், அதற்கு மேலே அக்கா. ஆகவே பின்கதவுக்கு ஓடினேன். பற்றரியின் கறுப்பு வயர் பின்பக்கத்தில் வாகனத்தின் இரும்போடு பூட்டியிருந்தது. அது கைக்கு எட்டும்.

"பதின்மூண்டாம் நம்பர் ஸ்பானர்" என்று கத்தினேன். "பிலோ, பயப்பிடாதை, இப்ப நிப்பாட்டுறம்" என்று சொல்லிக்கொண்டே அண்ணையும் என் பின்னால் ஓடிவந்துவிட்டார். பெட்டி கொட்டிலுக்குள் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொட்டிலுக்கு ஓடினார். நான் வெறுங்கையால் கறுப்பு வயரைப் பிடித்திருந்த சுரையை, அதுதான் நட்டை, திருகிக்கொண்டிருந்தேன். விரல் தோல் உரிந்ததே தவிர அது அசையவில்லை. உள்ளே மெத்தை பிடித்துவிட்டது, சுவாலை தெரிந்தது. புகையில் கட்டிலே தெரியவில்லை. அக்காவின் சத்தமும் வரவில்லை. சத்தம் வரவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. சுரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை ஸ்பானர் தேடி மினக்கெடாமல் விறகு கொத்துகிற கோடாலியோடு வந்தார். மரப்பிடி போட்ட கோடாலி. "தள்ளும்" என்றார். ஒரே கொத்து. நீலமாக ஒரு பொறி பறந்தது, கறுப்பு வயர் இரண்டாகப் போனது. அதற்குப் பிறகு ஜெறோம் கிணற்றடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி மெத்தையை அணைத்தான்.

புகை கலைந்ததும் அண்ணை உள்ளே பாய்ந்தார். "பிலோ" என்று அவர் போட்ட சத்தத்துக்கு அயலெல்லாம் வெளியே வந்துவிட்டது.

கட்டில் வெறுமையாக இருந்தது.

கரிந்த மெத்தையையும் அதற்குள்ளால் தெரிந்த சட்டத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆள் எப்படி இல்லாமல் போகலாம் என்று எனக்கு விளங்கவில்லை. நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்தேன். ஜெறோம்தான் கண்டான். "மாமி அங்கை" என்றான்.

அக்கா வாசல் படலைக்குப் பக்கத்தில் மணலில் இருந்தார். கட்டிலிலிருந்து தானே உருண்டு விழுந்து, இரண்டு முழங்கையாலும் தன்னை இழுத்துக்கொண்டு, சரிவுப் பலகையால் இறங்கி அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். முழங்கை இரண்டும் தோலுரிந்து இரத்தம். சட்டை விளிம்பு கரிந்திருந்தது. நாங்கள் மூன்று பேர் இருந்த வளவில் அவர் தவழ்ந்து போனதை ஒருவரும் காணவில்லை. ஆசீர்வதிக்க வந்த சுவாமியார் அப்போதுதான் படலையைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

இப்போது யோசித்துச் சொல்வது சுலபம். பியூஸ் இருந்திருந்தால் டக் என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும், காற்றாடி நின்றிருக்கும், நாங்கள் தலையைச் சொறிந்திருப்போம். பற்றரியை ஆள் படுக்கிற இடத்துக்குக் கீழே வைத்திருக்கவே கூடாது. வெளியே நின்று, ஸ்பானர் இல்லாமல், ஒரு கையால் நிறுத்துகிற மாதிரிப் பெரிய சுவிட்ச் ஒன்று இருந்திருக்க வேண்டும். இரும்பைத் தாண்டுகிற இடமெல்லாம் வயருக்குச் சட்டை போட்டிருக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் புகை கண்டால் முதலில் ஆளை எடு, வயர் எரிந்தால் எரியட்டும் என்பதை நான் புத்தகத்தில் படித்தும் அன்று செய்யவில்லை. வேலை தெரிந்தவளுக்கு வேலைதான் முதலில் கண்ணில் படுகிறது. அதை எனக்கு நானே மன்னிக்கவில்லை.

அண்ணை மணலில் அக்காவுக்கு முன்னால் குந்தியிருந்து அழுதார். "பிழை என்ரை, பிலோ. பியூஸ் போடாமல் விட்டது நான்."

அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார், நான் விட்டுவிட்டால் அது அவர் தலையிலேயே கிடக்கும், ஊரில் என் பெயரும் தப்பும். அந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்து கொஞ்ச நேரம் நின்றது. பிறகுதான் வாய் திறந்தேன்.

"அண்ணையில பிழை இல்லை அக்கா. அவர் என்னைத்தான் கேட்டவர். பரவாயில்லை, போட்டு வந்து பூட்டுவம் எண்டு சொன்னது நான்."

அக்கா கோபிக்கவில்லை. முழங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. அண்டைக்கு யன்னலுக்குள்ளாலை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். மரத்துக்காகத்தானே அவசரப்பட்டனீங்கள்? வெயில் குடிச்சு ஓடுற வாகனத்துக்கு மரத்தடி என்னத்துக்கு?"

அண்ணை என்னைப் பார்த்தார், நான் அண்ணையைப் பார்த்தேன். கூரையில் இரண்டு பனலை ஏற்றிவிட்டு, அதைக் கொண்டுபோய் நிழலில் நிறுத்துவதற்காக நாங்கள் ஒரு உயிரை நெருப்பில் வைத்திருக்கிறோம். அவரோ நானோ, வேலை தெரிந்த ஒருவரும் அதை யோசிக்கவில்லை.

"அப்ப அக்கா," என்று கேட்டேன், "பியூஸ் வரும்வரைக்கும் பொறுத்திருப்பீங்களோ?"

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"மூண்டு வரியம் பொறுத்தனான், நாலு நாள் பொறுக்க மாட்டனே? அந்தப் பற்றரிக்கு மேலை படுக்கிறது நான். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."